நகத்தளவுத் தெளிவு

ஜெசிந்தாவின் கண்கள் அசைவதை நிறுத்திவிட்டதை முதலில் கவனித்தவன் அவள் கணவன் லூர்து.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. சாந்தோமுக்குப் பின்னால், கடற்கரைக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லூர்துவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. புதுப்பேட்டையில் ஆட்டோக்களுக்கு சீட் கவர் தைப்பவன். அவனுக்குப் பேச்சு என்றால் கைகள்தான். காதுகேளாதோருக்கான ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு தோழியோடு சும்மா போன ஜெசிந்தா, அங்கே அவன் நண்பர்களுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஒன்றும் புரியாமலே சிரித்துவிட்டாள். அப்படித் தொடங்கிய பழக்கம். கைமொழியை அவனிடமே கற்றுக்கொண்டு அவனையே கட்டிக்கொண்டாள்.

அன்று அவன் கடையில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெசிந்தாவின் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. அவன் நிறுத்தினான். கைமொழிக்காரர்களுக்கு எதிராளியின் பார்வைதான் காது. அது வேறு பக்கம் இருந்தால் பேச்சு நின்றுவிடும். தரையை இரண்டு முறை தட்டினான். அவள் திரும்பவில்லை. கை மட்டும் பதில் சொன்னது.

"சொல்லு, பாத்துக்கினுதான் இருக்கேன். அந்த ரெக்சின்காரன் அப்புறம் இன்னா பண்ணான்?"

லூர்து கைகளை இறக்கினான். அவளுடைய கண்களையே பார்த்தான். இரண்டும் ஜன்னல் கம்பியை நோக்கி, ஒரு துளிகூட ஆடாமல் நின்றிருந்தன.

மெரினா கரைக்காப்புப் பிரிவில் கோபுரத்தில் உட்கார்ந்து கடலைக் கண்காணிக்கும் வேலை ஜெசிந்தாவுக்கு. கட்டுமர வீட்டுப் பெண், நீச்சல் கேட்க வேண்டியதில்லை. ஆனால் முந்தின ஆண்டு அவள் காவலில் இருந்தபோதே மூன்று பேர் கடலில் போனார்கள். மூன்றுமே அவள் கண் முன்னால். மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. தலை நீர்மட்டத்தில் சாயும், வாய்க்குள் தண்ணீர் போகும், ஒரு நிமிடத்துக்குள் அந்த இடத்தில் வெறும் அலை இருக்கும். அந்த மூன்று நிமிடங்களிலும் தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

காவலர்களின் கண்ணைச் சோதிக்க வந்த கண் டாக்டர் ஷமீமா அவளிடம் கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்க்கச் சொன்னது அப்போதுதான்.

"அந்த நகம் எவ்வளவோ அவ்வளவு இடம்தான் உங்களுக்கு நிஜமாவே தெளிவாத் தெரியுது ஜெசிந்தா. விழித்திரையில மையக்குழின்னு ஒண்ணு இருக்கு, கடுகளவு. கூர்மை முழுக்க அங்கதான். சுத்தி இருக்கிறதெல்லாம் கலங்கல். அந்தக் கலங்கல் நமக்குத் தெரியாம இருக்கத்தான் கண்ணு ஓயாமத் தாவிக்கிட்டே இருக்கு."

"அப்ப நான் கடலைப் பாக்குறேன்னா?"

"நகத்தளவு கடலைப் பாக்குறீங்க. மாத்தி மாத்தி."

அந்தக் கடுகளவு இடத்தில் நெருக்கியடித்து இருக்கும் பார்வைச் செல்களைப் போலவே விழித்திரை முழுவதும் வளர்க்க முடியும் என்று டாக்டரின் குழு கண்டுபிடித்திருந்தது. அவ்வளவு விவரத்தையும் மூளைக்குக் கொண்டுபோக, பின்மண்டைக்குள் மெல்லிய வலை ஒன்றை வைப்பார்கள். குரங்குகளுக்குச் செய்து பார்த்தாயிற்று. மனிதர்களில் முதல் ஆள் வேண்டும். ஜெசிந்தா லூர்துவைக் கேட்டாள். அவன் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, கடலில் போன அந்த மூன்று பேரைப் பற்றி அவள் தூக்கத்தில் கைகளால் பேசுவதாகச் சொன்னான். செய்துகொள், என்றான்.

செய்த பிறகு கடல் மாறிவிட்டது. கோபுரத்தில் உட்கார்ந்து நேராகப் பார்த்தால் போதும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரிலிருந்து கண்ணகி சிலைப் பக்கம்வரை தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு தலையும், அதில் ஒட்டிய முடியும், திறந்த வாயும் ஒரே நேரத்தில் தெரிந்தன. எதையும் தேட வேண்டாம். அதனால் கண்கள் தாவ மறந்தன. அந்தப் பருவத்தில் அவள் காவலில் ஒருவர்கூடச் சாகவில்லை. செய்தித்தாள்களில் படம் வந்தது. இன்னும் இருபது காவலர்களுக்கு இதைச் செய்யலாம் என்று திட்டம் தயாராகி, அரசின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. பிரிவுத் தலைவர் கோதண்டபாணி தன் அறையில் அவள் படத்தை மாட்டிவைத்தார்.

கோபுரத்திலிருந்து இறங்கிய பிறகுதான் தொல்லை.

பேருந்தில் ஏறினால் அத்தனை விளம்பரமும், அத்தனை சட்டைப் பொத்தானும், அத்தனை முகமும் சம தெளிவில் வந்து விழுந்தன. ஒதுங்கிக்கொள்ள ஒரு மங்கலான மூலைகூட இல்லை. முகங்கள்தான் மோசம். ஒருவர் நம்மைப் பார்க்கிறார் என்றால் நாம் முகத்தை ஒழுங்கு பண்ணிக்கொள்கிறோம். அவர் கண்ணைத் திருப்பியதும் தளர்த்திவிடுகிறோம். ஜெசிந்தாவின் கண்தான் எவர் மேலும் திரும்புவதே இல்லையே. அதனால் அவளுக்குப் பக்கவாட்டில் எல்லோரும் தளர்ந்த முகத்தோடுதான் இருந்தார்கள். சிரித்துப் பேசிவிட்டு நகர்ந்த பக்கத்து வீட்டுக்காரி உதட்டைச் சுழித்தாள். கைகுலுக்கிவிட்டுப் போன சக ஊழியன் தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மணலில் ஒரு தகப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று மகளின் தொடையில் கிள்ளினான். ஜெசிந்தா கோபுரத்திலிருந்து இறங்கி ஓடியபோது அவர்கள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள்.

பாஸ்கர் வந்த ஞாயிறு அதைவிட மோசம். அவனும் காது கேட்காதவன், லூர்துவின் பள்ளித் தோழன். ஜெசிந்தா அடுப்படியில் முதுகைப் பாதி காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஆண்கள் இருவரும் அவள் அந்தப் பக்கம் திரும்பினால் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் குரலைத் தாழ்த்திப் பேசுவது போலத்தான் அது. லூர்து கைகளை மடிக்குள் இறக்கி, சின்னதாக அசைத்தான். அந்தக் கண்களுக்கு எதிரில் உட்காரவே பயமாக இருக்கிறது, அவள் என்னைப் பார்த்து எத்தனை நாளாகிறது தெரியுமா, கோயம்புத்தூரில் மாமா கடையில் ஆள் கேட்கிறார்கள், கொஞ்ச நாள் போய்விடலாமா என்று பார்க்கிறேன். பாஸ்கர், அவளிடம் சொன்னாயா என்று கேட்டான். லூர்து இல்லையென்று தலையாட்டினான்.

ஜெசிந்தா வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். கண்ணீருக்கு வெங்காயம் இருந்தது. பாஸ்கர் போனதும் கையைக் கழுவிவிட்டு வந்து லூர்துவின் எதிரில் நின்றாள். போகணும்னா போயிட்டு வா, என்றாள் கைகளால்.

அவன் முகம் வெளுத்தது. "ஒட்டுக் கேட்டியா?"

"நான் எங்க கேட்டேன்? கண்ணு தெறந்திருந்துச்சு."

அவன் கோயம்புத்தூர் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாஸ்கரோடு பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போனான். வீட்டில் அவன் கைகள் பெரும்பாலும் சும்மா கிடந்தன.

டாக்டரிடம் ஜெசிந்தா இதையெல்லாம் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனையின்போது, தலைக்குள் சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஷமீமா பேனாவைக் கீழே வைத்தார்.

"கண்ணுக்கு இருந்த வாசலைத்தான் நாங்க பெருசாக்கினோம். உள்ள உக்காந்து வாங்கி வைக்கிற ஆள் ஒருத்தர்தான். அவரை இரண்டாக்க எங்களுக்குத் தெரியாது. பழகிடும்னு நினைச்சோம்."

"பழகலைன்னா?"

பழகவில்லையென்றால் சுற்றியுள்ள செல்களை லேசரால் மெல்ல அணைத்துவிடலாம், ஆனால் இருபது பேருக்கான ஒப்புதல் வரும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டர் கேட்டார். கேட்கும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. ஜெசிந்தாவுக்கு அந்தச் சங்கடமும் தெரிந்தது, பரிசோதனை விளக்கைப் பார்த்தபடியே. பொறுத்துக்கிறேன் டாக்டர், என்றாள்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், வெயில் சாய்ந்த பிறகு, கடற்கரையில் மணல் தெரியாத கூட்டம். ஆரணியிலிருந்து ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வந்த குடும்பம் கோபுரத்துக்கு வடக்கே இறங்கியிருந்தது. ஞானவேல் என்ற இளைஞன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவன், மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். அவன் மனைவி பவானி கிளிப்பச்சைப் புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரமணலில் நின்றாள். ஓர் அலை பின்வாங்கியபோது அவன் காலடியில் மணல் இல்லை. அவன் கை ஒரு முறை மேலே வந்தது.

பவானி சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி ஆட்டினாள்.

ஜெசிந்தா இரண்டையும் ஒரே கணத்தில் பார்த்தாள். அவன் கையையும், அவள் வளையல்களையும், அவள் சிரிப்பில் தெரிந்த தெற்றுப்பல்லையும். உள்ளே உட்கார்ந்திருந்த அந்த ஒரே ஆள் இரண்டையும் சேர்த்துப் படித்தார்: புருஷனும் பெண்டாட்டியும் விளையாடுகிறார்கள். கடலில் இன்னும் நூற்றுக்கணக்கான தலைகள் இருந்தன. அவள் மனம் அவற்றுக்குப் போயிற்று.

பிறகு அந்த இடத்தில் அலை மட்டும் இருந்தது. ஜெசிந்தா விசிலை ஊதிக்கொண்டே படிகளில் குதித்து இறங்கி ஓடினாள். படகு போயிற்று. அவளும் இருட்டும்வரை முங்கி முங்கித் தேடினாள். மறுநாள் காலை துறைமுகச் சுவருக்கருகில் உடல் கிடைத்தது.

விசாரணைக்கு முந்தின நாள் கோதண்டபாணி அவளைக் கூப்பிட்டு, கண் கூசியது என்று சொல்லிவிடச் சொன்னார். சாயங்காலத்தில் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இருக்கும் சார், கடல்ல எப்படிக் கூசும், என்று அவள் கேட்டாள். ஷமீமாவிடம் மட்டும் நடந்ததை அப்படியே சொன்னாள். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். சாதாரணக் கண் உள்ள ஒரு காவலர், அந்தப் பெண் கையை ஆட்டியதைப் பார்க்காமல் அவன் முகத்தை மட்டும் பார்த்திருந்தால், ஒருவேளை ஆபத்து என்று புரிந்துகொண்டிருப்பார் என்பது இருவருக்குமே தெரிந்தது.

"இதையே அங்க சொல்லுங்க," என்றார் டாக்டர் கடைசியில். "கண்ணு தவறலை. நீங்க தூங்கலை. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. திட்டத்துக்கும் இது தெரியணும்."

சொல்லத்தான் போனாள். பிரிவு அலுவலகத்தின் கூட்ட அறையில் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி ஒருவர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் டாக்டரும் கோதண்டபாணியும் ஜெசிந்தாவும். எதிர்ப்பக்கம் பவானியும் அவள் கொழுந்தனும். கூட வருகிறேன் என்று தானாகவே கிளம்பிய லூர்து அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தான்.

நீதிபதி முதலில் பவானியைப் பேசச் சொன்னார். அவள் எழுந்து நின்றாள். நடந்ததைச் சொல்லவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு எல்லாமே தெரியும்ன்றாங்க. அவரு கைய காட்னாரு. நானும் காட்னேன். அவரு சும்மா காட்னாரா, இல்ல என்னெக் கூப்டாரா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

ஜெசிந்தாவுக்கு எல்லோரும் தெரிந்தார்கள். நகத்தைக் கடிக்கும் கோதண்டபாணி, சொல்லு என்று லேசாகத் தலையசைக்கும் டாக்டர், எதுவும் கேட்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் லூர்து, புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலே நீலமாகிவிட்ட பவானி. கடலில் பார்த்த ஞானவேலின் முகமும் அவளுக்குள் அதே தெளிவோடு இருந்தது. உதடு நீருக்குள். கண் கரையில் இருந்த பச்சைப் புடவை மேல்.

"சும்மாதான் காட்னாரு," என்றாள். "சிரிச்சிக்கினு இருந்தாரு. நீ கைய ஆட்டுனதைப் பாத்துட்டு இன்னும் சிரிச்சாரு. அதுக்கப்புறம்தான் அலை இழுத்துச்சு. அப்ப நான் கவனிக்கலை."

நீதிபதி நிமிர்ந்தார். எல்லாமே தெரியும் கண்ணுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்கும் அம்மா. நான் வேற நெனப்புல இருந்தேன். வீட்டு நெனப்பு."

டாக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். வாயைத் திறந்தார். பவானி மெதுவாக உட்கார்ந்து, சுருட்டிய தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்ததைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

பவானியின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியது. வெளியே வரும்போது அவள் ஜெசிந்தாவின் முன்னால் நின்று, நீங்க பாத்திருந்தா அவரு இருந்திருப்பாரு, என்றாள். சத்தம் போடவில்லை. கொழுந்தன்தான் திட்டினான். ஜெசிந்தா இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

பேருந்தில் லூர்து பொறுமையாக இருந்தான். விவேகானந்தர் இல்லம் தாண்டியதும் என்ன சொன்னாய் என்று கேட்டான். முதலில் அங்கே சொன்ன பொய்யைச் சொன்னாள். பிறகு உண்மையைச் சொன்னாள். சொல்லும்போது ஞானவேலின் கை எப்படி மேலே வந்தது என்று தன் கையாலேயே காட்டினாள்.

லூர்து அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். இன்னொரு தடவை காட்டச் சொன்னான். காட்டினாள்.

"இது கூப்பிடுற கை," என்றான். "விளையாடுற கைன்னா மணிக்கட்டு ஆடும். இதுல ஆடலை. விரல் எல்லாம் விறைச்சு நிக்குது."

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதை மடியில் வைத்து மூடிக்கொண்டான். வீடு வரும்வரை விடவில்லை. அவனுடைய இரண்டு கைகளுக்கும் வேலை இருந்தது.

ஜெசிந்தாவின் வேலை போயிற்று. அந்தக் கண்ணை வைத்திருந்தவளே கவனிக்கவில்லை என்றதால் இருபது பேருக்கான ஒப்புதலும் நிறுத்திவைக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் ஒருநாள் ஷமீமா படியேறி வந்தார். உட்காரவில்லை.

"போன வாரம் இரண்டு பேர் போயிட்டாங்க. டிவியில பாத்திருப்பீங்க. கோபுரத்துல இருந்தது சாதாரணக் கண்ணு. அன்னிக்கு நான் எழுந்து சொல்லியிருக்கணும் ஜெசிந்தா. சொல்லாம இருந்ததுக்கு என்ன காரணம்னு என்னையே நான் கேட்டுக்கறேன். நீங்க ஒரு பொண்ணைக் காப்பாத்தினீங்க. இந்த இரண்டு பேர் யார் கணக்கு?"

டாக்டர் லேசரைப் பற்றிப் பேசினார். எப்போது வேண்டுமானாலும் வரலாம், கண்ணைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்றார். ஜெசிந்தா கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். டாக்டர் போனதும் ஜன்னலுக்கு வந்து நின்றாள். தெருவும், தெருமுனையில் ஆட்டோவில் ஏறி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்ட டாக்டரும், பக்கவாட்டில் தட்டைத் துடைத்துக்கொண்டே தன்னைக் கவனிக்கும் லூர்துவும் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. இருப்புக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். லூர்து எங்கே என்று கேட்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

அன்றிலிருந்து விடுமுறை நாட்களில் அவர்கள் தண்ணீரோரம் நின்றார்கள். சீருடை கிடையாது, கோபுரம் கிடையாது. கழுத்தில் ஒரு விசில். முதல் நாள் கோதண்டபாணியின் ஆட்கள் விரட்டினார்கள். அடுத்த வாரம் விரட்டவில்லை. அவள் கடல் முழுவதையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு, எங்காவது ஒரு கை எழுந்தால் லூர்துவின் தோளைத் தொட்டுத் திசை காட்டுவாள். அவன் அந்த ஒரு கையை மட்டும் பார்ப்பான். பெரும்பாலும் இல்லையென்று தலையை ஆட்டுவான், விளையாட்டு. அவன் பதில் சொல்லும்வரை அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், அந்த நேரத்துக்குக் கடல் கண்ணில் இருந்தாலும் மனதில் இருக்காது என்று தெரிந்தும்.

ஒரு சாயங்காலம் அவன் தலையை ஆட்டவில்லை. அவள் தோளில் அடித்துவிட்டு ஓடினான். இருவருமாக அலைக்குள் பாய்ந்து, நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண்ணை இரண்டு பக்கமும் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அவள் இருமி முடித்ததும் பலமாகத் திட்டினாள். நான் சும்மா செல்ஃபி எடுக்கக் கூப்பிட்டேன், நீங்க யார் என் மேல கை வைக்க, என்றாள். அவளுடைய ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரோ போலீசைக் கூப்பிடு என்றார்கள். ஜெசிந்தா கைகூப்பி, தப்பாயிடுச்சும்மா, மன்னிச்சிக்கோ, என்று எல்லோரிடமும் சொன்னாள்.

லூர்துவுக்கு அதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே, கும்பலுக்கு முதுகைக் காட்டி நின்று, தெற்கே தூரத்தில் எழுந்திருந்த வேறொரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.